நாற்பது நாள் சைபர்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். புது மென்பொருள் வருகிறதாம். பழைய திரையில் இருக்கிற பெட்டிகளில் எதை எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சார், எல்லாருக்கும் முதல் வரிசையில ஒரு பெட்டி இருக்கே, 'ஆளில்லாதவை'ன்னு. அத யாராலயும் எடுக்க முடியல. நகரக்கூட மாட்டேங்குது. நீங்கதான் பூட்டி வச்சீங்கன்னு சொல்றாங்க. எதுக்கு சார் அது? எப்பப் பாத்தாலும் சைபர்தான் காட்டுது."

சைபர்தான் காட்டுகிறது என்று அவள் சாதாரணமாகச் சொன்னதும் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொல் எனக்குச் சாதாரணம் இல்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லையம்மா, எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இவ்வளவு ஆகிவிட்டது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் இயல்பிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சிரிக்க வைப்பாள். பயந்தவன் வேலையில் கவனமாக இருப்பான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பி.காம். முடித்து, தட்டச்சில் இரண்டு நிலையும் தேறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு அறக்கட்டளை அலுவலகத்தில் சேர்ந்தேன். சுற்று வட்டார கிராமத்துக் குடும்பங்களை உறுப்பினர்களாகச் சேர்த்து, எங்களோடு ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளில் அவர்களுக்குச் சலுகையில் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்கிற திட்டம் அது. என் பிரிவின் வேலை, டாக்டர்கள் பற்றிய பதிவு. எந்த டாக்டர், எந்த மருத்துவமனை, என்ன பிரிவு, எந்தெந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார், அவருடைய பதிவுச் சான்று எதுவரை செல்லும், இவ்வளவுதான். பக்கத்து அறையில் தொலைபேசி மேஜை. உடம்புக்கு முடியாதவர்கள் அங்கே போன் செய்வார்கள். மேஜையில் இருப்பவர் எங்கள் பதிவைப் பார்த்து, இந்த ஊருக்குப் போங்கள், இந்த டாக்டர் இருக்கிறார் என்று சொல்லுவார். நாங்கள் எழுதியதை நம்பி ஒருவர் வண்டி ஏறுவார்.

முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உறை கிழித்தேன், முத்திரை குத்தினேன், அட்டை எழுதினேன்.

அந்த அட்டை முறையை மட்டும் விளக்கிவிடுகிறேன். ஒரு டாக்டருக்கு ஓர் அட்டை. நீளமான இரும்பு இழுப்பறையில் ஊர் வாரியாக அடுக்கியிருக்கும். ஒரு டாக்டர் விலகினார், நேரம் மாறியது என்று கடிதம் வந்தால் உடனே திருத்தக் கூடாது. அந்த அட்டையை மட்டும் நெட்டுக்குத்தாகத் திருப்பி அதே இடத்தில் நிறுத்த வேண்டும். மற்ற அட்டைகளுக்கு மேலே இரண்டு விரல் உயரம் அது நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நெட்டை என்று பெயர். அப்புறம் மருத்துவமனைக்குப் போன் போட்டு உறுதி செய்து, பேசியவர் பெயரை அட்டையின் பின்பக்கம் எழுதி, முன்பக்கம் திருத்தி, இன்னொருவரிடம் சுருக்கொப்பம் வாங்கிய பிறகுதான் அட்டையைப் படுக்க வைக்கலாம். யார் நிறுத்திய நெட்டை என்ற கேள்வியே கிடையாது. இழுப்பறையைத் திறக்கிற யார் கையிலும் அது தட்டும். தட்டியவர் முடித்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இந்த முறையை ஏற்படுத்தியவர் எங்கள் மேலாளர் ஸ்டெல்லா மேடம். பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு நிர்வாகத்துக்கு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நம் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நம் முன்னால் இருக்கிற தாளைத் தலைகீழாகவே படிப்பார். படித்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் தாங்காது. திட்டிவிட்டால் பரவாயில்லை என்று தோன்றும்.

ஒருமுறை வத்தலக்குண்டு குழந்தை டாக்டர் ஒருவரின் அட்டையை எடுத்து நீட்டினார். "இவர் இன்னும் பாக்குறாரா?"

"பாக்குறார் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"விலகுறேன்னு லெட்டர் எதுவும் வரல மேடம்."

"செத்துப்போயிருந்தா யாரு லெட்டர் போடுவா, தங்கவேல்?"

மறுநாள் பஸ் ஏறி வத்தலக்குண்டு போனேன். டாக்டர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கிளினிக் இருந்த இடத்தில் சைக்கிள் சாமான் கடை இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த எட்டு மாதத்தில் எத்தனை பேர் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடை வாசலில் நின்றிருப்பார்கள் என்ற நினைப்பு விடவில்லை. அன்று முதல் மேடத்தின் கேள்வி என் தூக்கத்திலும் வர ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. அட்டையில் இருந்ததைத் தட்டச்சு செய்து வைத்தோம், அவ்வளவுதான். இழுப்பறையும் கூடவே இருந்தது. நிஜமான மாற்றம் இரண்டாயிரங்களின் நடுவில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு மென்பொருள் வந்தபோது நடந்தது. அதை நிறுவ வந்தவர் செந்தில். இரண்டு நாள் பயிற்சி. திரையைத் திறந்ததும் முதல் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அவர் அதை விட்ஜெட் என்றார். நாங்கள் பெட்டி என்றோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண். பதிவுச் சான்று முடியப்போகிற டாக்டர்கள் இத்தனை பேர், உறுதி செய்யாத நேர மாற்றங்கள் இத்தனை, விலகல் கடிதம் வந்து முடிக்காதவை இத்தனை. எண் கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை.

பெட்டிகளை அமைக்கிற பொறுப்பை மேடம் எனக்குக் கொடுத்தார். எனக்கு அந்த மவுஸ் என்கிற எலியைப் பிடிக்கவே விரல் கூசியது.

"ஏனுங்க சார், எதுக்குங்க இப்படிப் பயப்படறீங்க? என்னத்த அமுக்கினாலும் ஒடையாதுங்க," என்றார் செந்தில்.

உடையவில்லைதான்.

ஒரு பெட்டி அமைப்பதற்கு நான்கு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பதிவுகள், எந்த நிலையில் இருப்பவை, எத்தனை நாளுக்குள், யாருடையவை; ஊர் வாரியாகப் பதிவுகளை எங்கள் நான்கு பேர் பெயரில் பிரித்திருந்தோம். அதற்குப் பிறகு எத்தனைக்கு மேல் போனால் சிவப்பு என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். பெட்டியை எலியால் இழுத்துத் திரையில் வேண்டிய இடத்தில் விட வேண்டும். கடைசியாக, அந்தப் பெட்டி யார் யார் திரையில் தெரிய வேண்டும் என்று பெயர்களில் டிக் போட வேண்டும். நான்காவது கேள்விக்கு முதலில் நான் கொடுத்த பதில், 'எல்லாருடையவை'.

மறுநாள் காலை திரையைத் திறந்தோம். எல்லாப் பெட்டியும் சிவப்பு. அட்டையிலிருந்து ஏற்றியதில் பாதி உறுதி செய்யாதவை என்று அது கணக்கெடுத்திருந்தது. மேடம் என் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான்கு நாள் தினமும் காலையில் அந்தச் சிவப்பு. நாங்கள் முப்பது முடித்தால் புதிதாக இருபது சேர்ந்தது. ஐந்தாம் நாள், நான்காவது கேள்விக்குப் போய், 'எல்லாருடையவை' என்பதை எடுத்துவிட்டு 'திரையைத் திறந்தவருடையவை' என்று மாற்றினேன். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை மட்டும் பார்த்தால் போதுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அந்த எண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அதைச் சின்னதாக்கினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது. என் திரையை அப்படியே நகல் எடுத்து எல்லார் பெயரிலும் போட்டேன், மேடம் பெயரிலும்.

சில வாரங்களில் ஒவ்வொருவர் திரையும் பச்சை ஆனது. தொலைபேசி மேஜையில் இருந்த அமல்தாஸ், "தங்கவேலண்ணே, பச்சை ஏறிருச்சுல்ல, போண்டா வாங்குங்க," என்று நச்சரித்து வாங்கித் தின்றார். மேடத்தின் திரை நகல் போட்ட அன்றிலிருந்தே சைபர். அவர் பெயருக்கு ஒரு பதிவும் ஒதுக்கப்படாதபோது வேறு எப்படி இருக்கும்? ஆனால் அவருக்கு அது தெரியாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சுக்கிட்டு வருது மேடம்."

தலையாட்டினார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. திரை காட்டும்போது எதற்குக் கேட்பது என்று நினைத்திருப்பார். அவருடைய சைபர் எதனால் வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது என்று எழுதத்தான் கை போகிறது. தெரியாமல் இல்லை. நொடி நேரம் உறைத்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் முகம் அன்று கொஞ்சம் லேசாக இருந்தது. மூடிக்கொண்டேன்.

அந்த மாதமே இழுப்பறையைப் பழைய சாமான் அறைக்குத் தூக்கிப் போட்டோம்.

என் பிரிவில் வேலை செய்த ஷமீம் பேகம்பூர்ப் பெண். எங்கள் நான்கு பேரில் கெட்டிக்காரி அவள்தான். பிரசவ விடுப்பில் போவதற்குக் கடைசி வாரம் வரை வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கடைசி நாள் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பாதியில நிக்குது. எழுதிக் குடுக்கவா?"

"எல்லாம் பெட்டியில காட்டும்ல. நீ நல்லபடியாப் போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்."

அவள் படி இறங்கியதும் விதிப்படி அவளுடைய கடவுச்சொல்லை முடக்கினேன். பாதியில் நின்றவையும், அவள் ஊர்களிலிருந்து அதற்குப் பிறகு வந்தவையும் அவள் பெயரிலேயே விழுந்தன. அவள் திரையைத் திறந்தால் மட்டும் தெரியும். திறக்க அவளால் முடியாது. மற்றவர்கள் யார் திறந்தாலும் தெரியாது. அடுத்த நாற்பது நாளும் அலுவலகம் முழுக்கச் சைபர்.

நாற்பதாவது நாள் காலை பத்தே முக்கால் இருக்கும். ஷமீம் வீட்டிலிருந்து போன் செய்தாள். பையன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பின்னால் அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அந்தக் கொடைரோடு மயக்க டாக்டர் மாத்தத்த முடிச்சிட்டீங்களா? மாசக் கடைசியோட போறார்னு நர்சிங் ஹோம்ல இருந்து லெட்டர் வந்துச்சுல்ல. நான் ரெண்டு தடவ போன் போட்டேன், யாரும் எடுக்கல. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"முடிச்சிருப்போம்மா," என்றேன். சொல்லும்போதே கண் திரைக்குப் போனது. விலகல் பெட்டி பச்சை, சைபர். போனை வைத்துவிட்டு டாக்டரின் பெயரைத் தட்டித் தேடினேன். கொடைரோட்டில் எங்களோடு சேர்ந்திருந்த சின்ன நர்சிங் ஹோம் அது. அங்கே அவர் தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இருப்பதாகப் பதிவு சொன்னது. கீழே சின்ன எழுத்தில், விலகல் கடிதம் வந்துள்ளது, உறுதி செய்யப்படவில்லை, பொறுப்பு ஷமீம்.

பெட்டிகளின் அமைப்பைத் திறந்தேன். நான்காவது கேள்வியில் 'எல்லாருடையவை' என்று மாற்றி அமுக்கினேன். எல்லாப் பெட்டியும் சேர்ந்து சைபர் அறுபத்தொன்று ஆனது, சிவப்பில். எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினேன்.

"அமல்தாஸ், கொடைரோட்டுக்கு யாரையாச்சும் அனுப்புனீங்களா?"

"என்னண்ணே இம்புட்டு மூச்சு வாங்குது? ஒரு பிரசவம் அனுப்புனேன், இப்பத்தான், இருபது நிமிசம் இருக்கும். நெலக்கோட்டைக்கு அந்தாண்ட ஒரு ஊரு. ரெண்டாவது பிள்ளை. மொதப் பிள்ளை ஆபரேசன். வலி வந்திருச்சுன்னு வீட்டுக்காரர் டீக்கடையில இருந்து போன் போட்டார். மயக்க டாக்டரும் இருக்கார்னு காட்டுச்சு, அதான் கொடைரோடு போகச் சொன்னேன்."

"நேரா திண்டுக்கல் வரச் சொல்லணும். அந்த டீக்கடைக்குப் போடுங்க."

அமல்தாஸிடம் ஒரு நல்ல பழக்கம், கூப்பிட்டவர் எண்ணைக் குறிக்காமல் விட மாட்டார். போட்டார். டீக்கடைக்காரர் எடுத்தார். "அவுக அப்பவே காய்கறி டெம்போல ஏறிப் போயிட்டாகளே. டெம்போக்காரன் செல்லு இந்தா இங்கதான் சார்ஜில கெடக்கு," என்றார்.

நர்சிங் ஹோமுக்குப் போட்டோம். எங்கேஜ். மறுபடி போட்டோம், எங்கேஜ். அமல்தாஸ் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானே போட்டேன். விரல் தப்பி வேறு யார் வீட்டுக்கோ போனது. ஏழாவது தடவை ஒரு நர்ஸ் எடுத்தார்.

"வந்துட்டாங்க சார். பஞ்சவர்ணம்னு பேரு. டாக்டரம்மா பாத்துட்டாங்க. பழைய தையல் எடத்துல வலிக்குதுங்கிறாங்க, ரத்தமும் படுது. உடனே ஆபரேசன் பண்ணணும். மயக்கம் குடுக்க ஆளில்ல. மதுரையில இருந்து வரச் சொல்லியிருக்கு, ஒண்ணரை மணி நேரம் ஆகுமாம். வண்டியில ஏத்தி அனுப்பவும் டாக்டரம்மா பயப்படுறாங்க, வழியில ஏதாச்சும் ஆயிரும்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க டாக்டர் போயி ஒரு மாசம் ஆச்சு சார். உங்களுக்கு லெட்டரே போட்டோமே. நீங்கதான் இருக்கார்னு சொன்னதா அந்த வீட்டுக்காரர் சொல்றார்," என்றார்.

திரும்பிப் பார்த்தால் மேடம் வாசலில் நிற்கிறார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நான் சொன்னேன். பெட்டியை நான் எப்படி அமைத்தேன், எதற்கு அப்படி அமைத்தேன், அவருடைய சைபர் எதனால் வந்தது, எல்லாவற்றையும் நின்ற இடத்தில் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கேட்டுக்கொண்டார்.

"கொடைரோட்டுக்குப் பக்கத்துல வேற மயக்க டாக்டர் யாரு?"

"வத்தலக்குண்டுல ஒருத்தர் இருக்கார் மேடம்."

"எப்படித் தெரியும்?"

தெரியாது. திரை சொன்னது. போன் போட்டோம். அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருந்தார். அடுத்து திண்டுக்கல்லிலேயே ஒருவர். மேடத்துக்குப் பழக்கமானவர். தனியார் மருத்துவமனையில் ஒரு குடலிறக்க ஆபரேஷன் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். மேடம் இரண்டு வாக்கியம்தான் பேசினார். அறக்கட்டளை ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது மணி பதினொன்று இருபத்தைந்து. நான்குவழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது, வழியெல்லாம் மண் குவியல். அரை மணியில் போகலாம் என்றார் டிரைவர்.

எனக்கும் ஜீப்பில் ஏற வேண்டும் போல இருந்தது. மேடம் விடவில்லை. "நீங்க போயி என்ன செய்யப் போறீங்க? அறுவத்தொண்ணு இருக்குல்ல. ஒக்காந்து போன் போடுங்க. இப்ப இன்னொருத்தர் எங்கயாச்சும் வண்டி ஏறிக்கிட்டு இருப்பார்."

அவர் சொன்னபோதுதான் அது எனக்குப் புரிந்தது. உட்கார்ந்தேன். மேடமும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அவர் எங்கள் மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பட்டியலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். "உங்க காது மூக்கு தொண்டை டாக்டர் இப்பவும் வாராரா? எந்தெந்தக் கிழமை? பேசுறது யாருங்க?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேடசந்தூரில் ஒருவர் விலகியிருந்தார், நத்தத்தில் ஒருவருக்கு நேரம் மாறியிருந்தது. எழுதினேன். காது மட்டும் அமல்தாஸ் அறையில் இருந்தது. அங்கே போன் அடிக்கும்போதெல்லாம் என் பேச்சு நின்றுவிடும். எதிரே மேடம் நிமிர மாட்டார். எண்களின் மேல் அவர் வைத்திருந்த சிவப்புப் பென்சில் மட்டும் கொஞ்ச நேரம் நகராமல் இருக்கும்.

ஒருமுறை, "என்னைத் திட்டிருங்க மேடம்," என்றேன்.

"நானும்தான நாப்பது நாளாச் சைபரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். என்னை யாரு திட்டுறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

பட்டியலில் நாற்பதைத் தாண்டியபோது அமல்தாஸ் வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"தாயி பொழச்சிருச்சு. பிள்ளை போயிருச்சுண்ணே. பையன்."

மேடம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "மிச்சத்தையும் முடிச்சிருவோம்," என்றார். முடித்தோம். ஐந்து மணிக்கு அறுபத்தொன்றும் முடிந்தது. அதன் பிறகு நான் அந்தப் பெட்டியைச் செய்தேன். விடுப்பில் போனவர், வேலையை விட்டவர், கடவுச்சொல் முடங்கியவர், இவர்கள் பெயரில் நிற்கிற எல்லாமும் அதில் வரும். எல்லார் திரையிலும் முதல் வரிசையில் வரும். அதைத் தனக்கு வேண்டியபடி யாரும் மாற்ற முடியாமல் பூட்டினேன், நானும் உட்பட. என்னை நம்பாமல்தான் பூட்டினேன். கவிதா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். அது சைபர் காட்டினால் ஆளில்லாமல் எதுவும் நிற்கவில்லை என்று அர்த்தம். அதை விட்டுவிட்டுப் போகாதே.

இதோடு முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் விஷயம் முடிந்த இடம் இது இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகல், பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். கருப்பையா என்று பெயர். முப்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கையில் மஞ்சப்பை நிறைய அவரைக்காயோடு வந்து நின்றார். மேடம் அன்று மதுரைக்குப் போயிருந்தார். இந்த ஆள் வந்தால் என்ன சொல்வது என்று ஏற்கெனவே அவரிடம் கேட்டிருந்தேன். "கேட்டா மறைக்காம சொல்லிருங்க. கேக்காட்டி என்ன செய்றதுன்னு எனக்கும் தெரியல தங்கவேல்," என்று சொல்லியிருந்தார்.

அவர் கேட்கவில்லை. நன்றி சொல்ல வந்திருந்தார்.

"அன்னைக்கி ஜீப்பு வச்சு டாக்டர அனுப்பி விட்டீகள்ல சார். அவர் மட்டும் வரலேன்னா இவளும் இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக. எங்களுக்காக யாரு சார் ஜீப்பு அனுப்புவா? ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்." பையை என் மேஜையில் வைத்தார். "நம்ம தோட்டத்துக் காயி. அவதான் எந்திரிச்சுப் போயி அவ கையால பறிச்சுக் குடுத்து விட்டா. போகாதன்னாலும் கேக்கல."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தப் பையை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைக்க என்னால் ஆகவில்லை. சொன்னேன். கொடைரோட்டில் டாக்டர் இல்லையென்று எங்களுக்கு முன்கூட்டியே கடிதம் வந்துவிட்டது, அது என் தவறால் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, அன்றைக்கு அவரைத் திண்டுக்கல்லுக்குத்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு சீராக வந்தது. வெட்கம்தான், ஆனால் வந்தது.

அவர் நின்றபடியே கேட்டார். முகத்தில் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"அப்ப நேரா திண்டுக்கல் வந்திருந்தா, பிள்ளை இருந்திருக்குமா சார்?"

"தெரியலங்க. இருந்திருக்கலாம்."

அவர் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"டெம்போக்காரன் அன்னைக்கே கேட்டான் சார், நேரா திண்டுக்கல் போயிருவமாப்பான்னு. நான்தான் ஆபீசுல சொல்லிட்டாக, கொடைரோடு போன்னேன்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் அவளுக்குத் தெரிய வேணாம். நீங்க அனுப்புன டாக்டராலதான் பொழச்சோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும். ஊருப்பக்கம் வந்தாலும் சொல்லிராதீக."

பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "வெறும் பையோட போனாத்தான் சரி. காயோட திரும்பிப் போனா ஏன்னு கேப்பா," என்று சொல்லி, அவரைக்காயை என் மேஜையில் கொட்டிவிட்டு, பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினார்.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். பல வாரத்துக்குப் பிறகு வந்த தூக்கம். காலையில் விழித்ததும்தான், அவர் தூங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.